‘இருந்திருந்தால்’ என்றோர் உலகம்



சென்ற வாரம் மதரஸா அலமாரியை ஒழுங்குபடுத்தியபோது, பழைய வருகைப் பதிவேடுகளுக்கு அடியில் நீல அட்டையிட்ட நோட்டுப் புத்தகம் ஒன்று அகப்பட்டது. 2020 ஆம் ஆண்டின் ஊரடங்கு நாள்களில் அன்றாடம் இரண்டு மூன்று வரிகளாக நான் குறித்து வைத்தவை அதில் இருந்தன. கரையான் தின்றது போக எஞ்சியவற்றைப் படித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன். அவற்றுள் ஒரு நாளின் குறிப்பையும், அதன் தொடர்ச்சியாக நான் பெற்ற ஒரு படிப்பினையையும் இம்மாதம் உங்கள் முன் வைக்க விழைகிறேன்.

முதலில் சில வரிகள்:

“27.3.2020, வெள்ளி. பாங்கு ஒலித்தது, ஜும்ஆ இல்லை. வீட்டு முற்றத்தில் லுஹர் தொழுதேன். ஊரில் இருந்துகொண்டே, உடல் நலத்தோடு இருந்துகொண்டே, ஜும்ஆ இல்லாமல் கழிந்த முதல் வெள்ளிக்கிழமை.”

“8.4.2020. பெண்களை ஏற்றிச் செல்ல விடியற்காலையில் வரும் தீப்பெட்டி ஆபீஸ் வேன்களின் ஓசை இல்லை. மயிலின் அகவல் மட்டுமே கேட்கிறது. தெரு அதே தெருதான். ஆனாலும் வேறு ஏதோ ஓர் ஊருக்கு வந்துவிட்டதைப் போல் இருக்கிறது.”

“25.4.2020. முதல் நோன்பு. பள்ளிவாசலில் கஞ்சி இல்லை; கஞ்சிக்கான அரிசி வீடுகளுக்கே வந்தது. எங்கள் வீட்டுக் கஞ்சியில் உப்புக் கூடிவிட்டது. அசருக்குப் பின் தூக்குச்சட்டியோடு வரிசையில் நிற்கும் பிள்ளைகளின் கூச்சல் இல்லாத ரமளானை இதற்குமுன் நான் கண்டதில்லை.”

அந்த ரமளானின் இருபத்தேழாம் நோன்பன்று, அதாவது மே 21 ஆம் தேதி எழுதிய குறிப்புத்தான் நான் சொல்ல வந்தது. அப்போது பிள்ளைகளுக்குத் தொலைபேசி வழியாகவே ஓதிக்கொடுத்து வந்தேன். அவர்களுள் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன், தன் அத்தாவின் செல்பேசியிலிருந்து எனக்கொரு செய்தியை அனுப்பியிருந்தான். அண்டார்டிகாவில் ‘நாசா’ இன்னொரு பிரபஞ்சத்தைக் கண்டுபிடித்துவிட்டதாம். அங்கே காலம் பின்னோக்கி ஓடுகிறதாம்! உலகெங்கும் பத்திரிகைகளில் அந்த வாரம் பரவிய செய்தி அது. அதனோடு தன் குரலில் ஒரு கேள்வியையும் பதிந்து அனுப்பியிருந்தான்:

“ஹஜரத், அந்த உலகத்துல பள்ளிவாசல் தெறந்திருக்குமா? கஞ்சி ஊத்துவாங்களா?”

நான் சிரித்துவிட்டேன். ஆயினும் அவன் கேள்வி என்னைச் சில நூல்களைத் தேட வைத்தது.

செய்தியின் உண்மை இதுதான். ‘அனிடா’ என்னும் கருவியைப் பெரிய பலூனில் கட்டி, அண்டார்டிகாப் பனிப்பரப்பின் மேல் ஏறத்தாழ 37 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கவிட்டு, விண்ணிலிருந்து வரும் நுண்துகள்கள் பனியில் எழுப்பும் வானொலித் துடிப்புகளை அறிவியலார் கேட்டு வந்தனர். 2006 இலும் 2014 இலும் புறப்பட்ட பறப்புகளில், துகள்கள் மேலிருந்து வராமல் பூமிக்குள்ளிருந்து மேலே வருவதைப் போன்ற சில துடிப்புகள் பதிவாயின. அதற்குக் காரணம் விளங்கவில்லை. காலம் தலைகீழாக ஓடும் இணைப் பிரபஞ்சம் ஒன்று இருக்கக்கூடும் என்ற கோட்பாட்டோடு சிலர் இதனை முடிச்சுப் போட்டனர். பத்திரிகைகள் ‘கூடும்’ என்பதை விட்டுவிட்டு, ‘கண்டுபிடித்துவிட்டனர்’ என்று எழுதிவிட்டன. பின்னர் ஆர்ஜென்டினாவிலுள்ள ஒரு பெரும் ஆய்வுக்கூடம் தன் பல்லாண்டுப் பதிவுகளில் இத்தகைய துகள்களைத் தேடி, அதற்கு ஆதரவான சான்று ஏதும் இல்லை என 2025 இல் அறிவித்தது.

பல உலகங்கள் என்னும் எண்ணம் புதியதன்று. 1957 இல் ஹ்யூ எவரெட் என்னும் 26 வயது அமெரிக்க இளைஞர், அணுவுக்குள் நிகழக்கூடிய எல்லாமே தனித்தனிக் கிளைகளில் நிகழ்ந்துகொண்டுதான் இருக்கின்றன என்று எழுதினார். பிரிந்த கிளைகள் ஒன்றையொன்று காண்பதில்லை. அவருக்கு ஏழரை நூற்றாண்டுகளுக்கு முன்னரே, ஹெராத் நகரில் 1210 இல் மறைந்த இமாம் ஃபக்ருத்தீன் ராஸி (ரஹ்) அவர்கள், ‘ரப்புல் ஆலமீன்’ என்ற சொல்லுக்கு விரிவுரை எழுதுகையில், இவ்வுலகிற்கு வெளியே இதனினும் பெரிய ஆயிரமாயிரம் உலகங்களைப் படைக்க இறைவன் ஆற்றலுடையவன் என்று வாதிட்டிருக்கிறார்கள். நாம் ஒவ்வொரு ரக்அத்திலும் ஓதும் சொல்லில் ‘உலகம்’ என்பது ஒருமையன்று, அது பன்மை!

அன்றிரவு சிறுவனுக்குப் பதில் அனுப்பினேன்: “அல்லாஹ்வுக்கு எத்தனை உலகமும் உண்டு. நமக்குத் தந்தது இந்த உலகம். உன் வீட்டுக் கஞ்சியில் பாதியை அடுத்த வீட்டுக்குக் கொடு. இங்கேயும் கஞ்சி ஊற்றியதாகிவிடும்.” நல்ல பதில் சொல்லிவிட்டோம் என்ற நிறைவோடு குறிப்பெழுதி முடித்திருக்கிறேன்.

அன்பர்களே! ஓராண்டு கழித்து அதே சிறுவன் அதே கேள்வியை வேறு விதமாகக் கேட்டான். அப்போது நான் சொன்னது நல்ல பதிலன்று.

2021 மே மாதம், இரண்டாம் அலையில் அவனுடைய அத்தா மவுத்தானார். ஜனாஸாவில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே நின்றோம். நாற்பது நாள் சென்றபின் ஒருநாள் மதரஸா வாசலில் வந்து நின்றான். நெடுநேரம் பேசவில்லை. பின்பு சொன்னான். நோய் கண்ட மூன்றாம் நாள் நள்ளிரவில் அத்தாவுக்கு மூச்சிரைக்கும் ஓசை கேட்டு அவன் விழித்திருக்கிறான். “ஒண்ணுமில்லப்பா, காலையில பாத்துக்கலாம். அம்மாவ எழுப்பாத. நீ தூங்கு” என்றிருக்கிறார் அவர். அவனும் தூங்கிவிட்டான். விடிந்தபின் கோவில்பட்டிக்குக் கொண்டு சென்றார்கள். இரண்டு நாளில் எல்லாம் முடிந்துவிட்டது.

“அன்னைக்கு ராத்திரியே அம்மாவ நான் எழுப்பியிருந்தா, அந்த இன்னொரு உலகத்துல அத்தா இருப்பாங்கதான ஹஜரத்?”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? ‘இப்படிச் செய்திருந்தால்’ என்று பேசுதல் கூடாது, அது ஷைத்தானின் செயலுக்கு வாசலைத் திறந்துவிடும் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பதை எடுத்துச் சொன்னேன். சொன்னது முஸ்லிம் நூலில் பதிவான ஸஹீஹான ஹதீஸ்தான். சிறுவன் தலையைக் குனிந்துகொண்டு, “சரி ஹஜரத்” என்றான், போய்விட்டான். அதன்பின் அவன் கேட்கவும் இல்லை, வரவும் இல்லை.

சில நாள்களில் அவன் தாயார் ஒரு மூதாட்டி மூலம் சொல்லி அனுப்பினார். பிள்ளை இரவில் உறங்குவதே இல்லையாம். தாயும் தங்கையும் படுத்தபின் சுவரோரம் உட்கார்ந்துகொண்டு, இருவருடைய மூச்சையும் விடியும்வரை கேட்டுக்கொண்டிருக்கிறானாம்.

ஷைத்தானின் வாசலை அடைப்பதாக எண்ணி, அந்தப் பாலகனின் வாயைத்தான் நான் அடைத்திருக்கிறேன்! வெட்கத்தோடு கிதாபைத் திறந்தேன். நான் எடுத்துச் சொன்னது அந்த ஹதீஸின் வால் மட்டுமே. தலைப்பகுதியில் பெருமானார் (ஸல்) அவர்கள், உனக்குப் பயன் தருவதில் ஆர்வம் கொள், அல்லாஹ்விடம் உதவி தேடு, இயலாதவனாய்ச் சோர்ந்துவிடாதே என்ற கருத்தை முதலில் வைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் ‘இருந்திருந்தால்’ பற்றிய எச்சரிக்கை வருகிறது. மேலும், ‘இருந்திருந்தால்’ என்ற சொல்லில் ஆகுமானது எது என்பதற்கென்றே இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தம் நூலில் ஒரு பாடம் அமைத்திருக்கிறார்கள். ஹஜ்ஜத்துல் வதாவின்போது நபிகளார் (ஸல்) அவர்களே, பின்னர் அறிந்ததை முன்னரே அறிந்திருந்தால் பலிப்பிராணியை உடன் கொண்டு வந்திருக்க மாட்டேன் என்ற பொருள்படப் பேசியிருக்கிறார்கள். ஆக, சொல் குற்றமன்று. விதியோடு வழக்காடவும் தன்னைத் தானே தின்னவும் அச்சொல்லைப் பயன்படுத்துவதே குற்றம்.

மறுநாள் அஸருக்குப் பின் அவனை அழைத்துக்கொண்டு எங்கள் மலையடிவாரத்துக்குச் சென்றேன். கழுகுமலையின் பாறையிலே, 8 ஆம் நூற்றாண்டில், பாண்டியர் காலத்தில், மேலிருந்து கீழாகக் குடைந்து செதுக்கிய வெட்டுவான் கோயில் உண்டு. விமானத்தின் உச்சியில் அவ்வளவு நுட்பமான வேலைப்பாடு. கீழ்ப்பகுதியோ முடிவுறாமலே நிற்கிறது. பார்க்க வருவோர் எல்லாம், ‘முடித்திருந்தால் எப்படி இருந்திருக்கும்!’ என்றே சொல்லிச் செல்கின்றனர். அதை அவனுக்கு நினைவூட்டிவிட்டுச் சொன்னேன்: “முடித்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்பது அந்தச் சிற்பிக்குத்தான் தெரியும். வந்து பார்ப்பவர்கள் ஆளுக்கொன்றாகக் கற்பனை செய்துகொள்ளலாம், அவ்வளவுதான். நீ அம்மாவை எழுப்பியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதும் அப்படித்தான். அது படைத்தவனுக்குத்தான் தெரியும். உன் மனம் கட்டியிருக்கும் உலகத்தில் நீ ஒன்றை மட்டும் மாற்றுகிறாய். மற்றவை எல்லாம் நீ விரும்பியபடியே நடந்துவிடுகின்றன. இரவோடு இரவாகக் கொண்டு சென்றும் திரும்பாதவர்கள் நம் ஊர்ப்பக்கம் எத்தனை பேர்! அத்தாவின் சொல்லைக் கேட்டது பதின்மூன்று வயதுப் பிள்ளை செய்த பாவம் ஆகாது.”

அவன் அழுதான். நான் தடுக்கவில்லை. தம் மகன் இப்ராஹீம் மறைந்தபோது கண்ணீர் சிந்திய நபியின் உம்மத்தல்லவா நாம்! கொள்ளைநோயில் மாண்ட முஃமினுக்கு ஷஹீதின் நற்கூலி உண்டென்ற நற்செய்தியையும் சொன்னேன்.

பிறகு ஹிஜ்ரி 18 இல் (கி.பி. 639) நடந்ததைச் சொன்னேன். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் சிரியாவை நோக்கிப் பயணம் செய்து, ‘ஸர்க்’ என்னும் இடத்தை அடைந்தபோது, அங்கே கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தி வந்தது. கலந்தாலோசித்துத் திரும்ப முடிவு செய்தார்கள். அபூ உபைதா (ரலி) அவர்களோ, அல்லாஹ்வின் விதியைவிட்டு ஓடுவதா என்று வினவினார்கள். ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அல்லாஹ்வின் மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்பது கலீஃபாவின் மறுமொழி. அதற்கோர் உவமையும் சொன்னார்கள். ஒட்டகங்களோடு ஒரு பள்ளத்தாக்கில் இறங்குகிறீர். ஒரு சரிவு பசுமை, மறுசரிவு வறட்சி. எதில் மேய்த்தாலும் அது இறைவிதியே. ஆனால் மேய்ப்பவன் எதைத் தேர்ந்தெடுப்பான்?

நோயுள்ள ஊருக்குள் நுழையவும் கூடாது, அங்கிருந்து வெளியேறவும் கூடாது என்ற நபிமொழியை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் வந்து அறிவித்தபோது, உமர் (ரலி) அவர்கள் இறைவனைப் புகழ்ந்து மதீனா திரும்பினார்கள். அபூ உபைதா (ரலி) அவர்கள் தம் படையினரை விட்டு அகலாமல், அந்த அம்வாஸ் கொள்ளைநோயிலேயே உயிர் நீத்தார்கள். பின்னர் அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் மக்களை மலைகளில் பிரிந்து வாழச் செய்ய, நோய் தணிந்தது.

கரிசல்காட்டுப் பிள்ளைக்குப் பசுஞ்சரிவையும் வறண்ட சரிவையும் விளக்கவா வேண்டும்? இரண்டு உலகங்கள் இருப்பது உண்மைதான். ஆனால் அவை நமக்கு முன்னே இருக்கின்றன, பின்னே இல்லை. நமக்குப் பின்னே இருப்பது ஒரே உலகம். அதை எழுதியவன் அல்லாஹ். முன்னே இருக்கும் சரிவுகளில் எதில் இறங்குவது என்பதற்கு மட்டுமே நம்மிடம் கேள்வி கணக்கு உண்டு.

நெடுநேரம் பேசாதிருந்த சிறுவன், “அப்படின்னா இனிமே யாருக்காவது ராத்திரி மூச்சிரைச்சா, அவங்க வேண்டாம்னு சொன்னாலும் எழுப்பணும். அப்படித்தான ஹஜரத்?” என்றான்.

“அப்படித்தான்” என்றேன்.

விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் ஒன்றை வாங்கி மதரஸாவில் வைத்தோம். அளவு 94 க்குக் கீழே இறங்கினால் மருத்துவரிடம் விரைய வேண்டும் என்பதை மூத்த பிள்ளைகளுக்குக் கற்பித்தோம். இரவில் வண்டி எடுக்கக்கூடியவர்களின் எண்களையும், அவசர ஊர்திக்கான 108 ஐயும் சுவரில் எழுதினோம். நாளடைவில் அவனும் உறங்கத் தொடங்கினான்.

2023 இல் ஓர் இரவு, எதிர்வீட்டு ஆச்சி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முனகுவதைக் கேட்டு, தெருவையே எழுப்பிவிட்டான். “வேணாம்யா, காலையில பாத்துக்கிடலாம்” என்று அந்த அம்மையார் சொன்னதை அவன் காதில் வாங்கவே இல்லை! 108 வந்து கோவில்பட்டிக்குக் கொண்டு சென்றது. பரிசோதித்த மருத்துவர், வெறும் வாயுத் தொல்லை என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார். தூக்கம் கெட்ட தெரு மறுநாள் முழுதும் அவனைக் கேலி செய்தது. அவனோ சிரித்துக்கொண்டே ஓத வந்தான். அத்தா மறைந்தபின் அவன் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அருமைச் சகோதர சகோதரிகளே! கொரோனா போய் ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் நம் வீடுகளில் ‘இருந்திருந்தால்’ என்னும் உலகத்தில் இன்னமும் குடியிருப்போர் உண்டு. ஊசி போட வேண்டாமென்று தடுத்தவர், நோயாளியின் அருகே போக அஞ்சி நின்றவர், கடைசியாக வந்த தொலைபேசி அழைப்பை எடுக்கத் தவறியவர் என அவர்கள் நம்மோடுதான் உண்டு உறங்குகிறார்கள். அவர்களைக் கண்டுகொள்ளுங்கள். என்னைப் போல் ஹதீஸின் வாலைப் பிடித்து அவர்கள் வாயை அடைத்துவிடாதீர்கள். ஒருமுறை முழுவதையும் சொல்ல விடுங்கள். சொல்லி முடித்தபின் மெல்லக் கைப்பிடித்து, முன்னே இருக்கும் பசுஞ்சரிவைக் காட்டுங்கள்.

வல்ல அல்லாஹ் மறைந்தவர்களின் கபுறுகளை ஒளியாக்குவானாக! எஞ்சியிருப்போரின் இரவுகளுக்கு அமைதியான உறக்கத்தைத் தருவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.