முகவலிக்கு 'காமா நைஃப்': ஒரே நாளில் சிகிச்சை முடியும், வலியும் முடிந்துவிடுமா?

பிரஷை வாயில் வைத்ததுமே கன்னத்தில் கரன்ட் அடிக்கிறது. சில நொடிதான். அடுத்து ஒரு வாய் காபி; மறுபடியும் ஒரு ஷாக். பேசினால் வலி, ஷேவ் செய்தால் வலி, ஃபேன் காற்று பட்டால்கூட வலி. பலரும் முதலில் போவது பல் டாக்டரிடம்தான். "அந்தக் கடைவாய்ப் பல்லை எடுத்துட்டா சரியாயிடும்" என்று பல் போகும், வலி போகாது. இன்னொரு பல்லும் போன பிறகுதான் நரம்பியல் மருத்துவரின் நினைப்பு வரும்.

இந்த நோய்க்குப் பெயர் ட்ரைஜெமினல் நியூரால்ஜியா. தமிழில் முக்கிளை நரம்பு வலி. நடிகர் சல்மான் கான் தனக்கு இந்த நோய் இருந்ததை வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். இதற்கான சிகிச்சைகளில் ஒன்றான கதிர் அறுவை சிகிச்சையைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படுவது இதுதான்: தையல் இல்லை, தழும்பு இல்லை, காலையில் போய் மாலையில் வீடு திரும்பலாம். இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால், நோயாளி முடிவெடுக்கத் தேவையான மீதிப் பாதி இதில் இல்லை.

வலி எங்கிருந்து வருகிறது?

முகத்தை அசைப்பது ஏழாவது மூளை நரம்பு. முகத்தின் உணர்ச்சியை மூளைக்குக் கொண்டுபோவது ஐந்தாவது நரம்பு. நெற்றி, கன்னம், தாடை என மூன்று கிளைகளாகப் பிரியும் இந்த ஐந்தாவது நரம்பில்தான் சிக்கல். பெரும்பாலும் மூளைத்தண்டுக்கு அருகே ஒரு ரத்தக்குழாய் நரம்பின் மீது உரசிக்கொண்டே இருக்கும். காலப்போக்கில் நரம்பின் மேலுறை தேய்ந்துவிடும். உறை தேய்ந்த ஒயர் போல, லேசாகத் தொட்டாலே ஷார்ட் சர்க்யூட். சிலருக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயோ, கட்டியோ காரணமாக இருக்கலாம். அதனால்தான் எம்.ஆர்.ஐ. அவசியம்.

50 வயதைத் தாண்டியவர்களுக்கும் பெண்களுக்கும் அதிகம் வரும். இளைஞர்களுக்கு வராது என்று அர்த்தமில்லை.

கத்தி இல்லாத 'கத்தி'

ஸ்வீடன் நரம்பியல் அறுவை நிபுணர் லார்ஸ் லெக்ஸெல் 1951-ல் இந்தச் சிகிச்சை முறையை முன்வைத்தார். மண்டையைத் திறக்காமல், கதிர்களை ஒரே புள்ளியில் குவிப்பதுதான் அவரது யோசனை. அவர் ஆரம்பத்திலேயே சிகிச்சைக்கு எடுத்துக்கொண்ட நோய்களில் இந்த முகவலியும் ஒன்று.

இன்றைய காமா நைஃப் கருவியில் 192 கோபால்ட்-60 கதிர் மூலங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு கதிரும் தனியாக பலவீனமானது. வழியில் உள்ள மூளைத் திசுவைப் பெரிதாகப் பாதிக்காது. எல்லாம் சந்திக்கும் சுமார் 4 மில்லிமீட்டர் இடத்தில் மட்டும் 70 முதல் 90 கிரே வரை கதிர்வீச்சு சேரும். மூளைப் புற்றுநோய்க்கு ஆறு வாரங்களில் பிரித்துக் கொடுக்கும் சுமார் 60 கிரேயை விட இது அதிகம். அதுவும் ஒரே தடவையில். அதனால்தான் தலை இம்மியும் அசையாமல் இருக்க, மரத்துப்போக ஊசி போட்டு, உலோகச் சட்டத்தைத் திருகி மாட்டுகிறார்கள். முழு மயக்கம் தேவையில்லை. சைபர்நைஃப் போன்ற லீனியர் ஆக்சிலரேட்டர் கருவிகளிலும் இதே சிகிச்சை உண்டு.

சொல்லப்படாத பாதி

ஒரே நாளில் முடிவது சிகிச்சைதான், வலி அல்ல. கதிர் நரம்பை மெதுவாகத்தான் மாற்றும். பலன் தெரியச் சில நாட்களும் ஆகலாம், சில மாதங்களும் ஆகலாம். அதுவரை மாத்திரையை நிறுத்தக் கூடாது.

பிரான்சின் மார்செய் நகர மருத்துவர்கள் 497 நோயாளிகளின் முடிவுகளை 2016-ல் வெளியிட்டார்கள். சுமார் 92 சதவீதம் பேருக்கு ஆரம்பத்தில் வலி முழுதாகப் போனது. மாத்திரை இல்லாமல் வலியின்றி இருந்தவர்கள் 5 ஆண்டுகளில் சுமார் 65 சதவீதம். 10 ஆண்டுகளில் சுமார் 45 சதவீதம். ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு முகத்தில் மரத்துப்போன உணர்வு வந்தது. அது மிகவும் தொந்தரவாக இருந்தவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு.

இவை நல்ல முடிவுகள்தான். ஆனால் "இனி வலியே வராது" என்று இதற்கு அர்த்தமில்லை. திரும்ப வந்தால் மறுபடியும் கதிர் கொடுக்கலாம். மரத்துப்போகும் வாய்ப்பும் கூடும்.

யாருக்கு எது?

முதல் படி எப்போதும் மாத்திரை. கார்பமசெபைன் 1960-களில் இருந்தே இதற்குப் பயன்படுகிறது, விலையும் குறைவு. தூக்கம், தலைசுற்றல் வரலாம். ரத்தத்தில் சோடியம் குறையலாம். அரிதாகச் சிலருக்குக் கடுமையான தோல் ஒவ்வாமை வரும். உடம்பில் தடிப்பு தெரிந்தால் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

மாத்திரை போதவில்லை, அல்லது ஒத்துக்கொள்ளவில்லை என்றால்தான் அடுத்த கட்டம். ரத்தக்குழாய் உரசுவது தெளிவாகத் தெரிந்து, உடல்நிலையும் இடம் கொடுத்தால், காதுக்குப் பின்னால் திறந்து இரண்டுக்கும் நடுவே டெஃப்லான் துண்டை வைக்கும் அறுவை சிகிச்சை இருக்கிறது. மூல காரணத்தையே சரிசெய்வது இதுதான். 1996-ல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில், 10 ஆண்டுகள் கழித்தும் 70 சதவீதம் பேர் மிக நன்றாக இருந்தார்கள். ஆனால் இது மண்டையைத் திறக்கும் அறுவை. காது கேளாமை, அரிதாகப் பக்கவாதம் போன்ற ஆபத்துகள் உண்டு.

வயதானவர்கள், இதய நோயாளிகள், முழு மயக்கம் கொடுக்க முடியாதவர்கள் – இவர்களுக்குத்தான் கதிர் அறுவை பெரிய வரம். அதே சமயம், வலியால் தண்ணீர்கூடக் குடிக்க முடியாதவரை வாரக்கணக்கில் காத்திருக்கச் சொல்ல முடியாது. அவருக்கு கன்னம் வழியாக ஊசி செலுத்திச் செய்யும் பலூன் அல்லது ரேடியோ அலை சிகிச்சை உடனடி நிவாரணம் தரும்.

இங்கேதான் பிரச்சினை. கோடிக்கணக்கில் செலவழித்துக் கருவி வாங்கிய இடத்தில் கருவிதான் முதல் பதிலாக வர வாய்ப்பு அதிகம். கருவி இல்லாத இடத்தில் அந்தப் பேச்சே எழாமல் போகலாம். நோயாளிக்கு எது சரி என்பதை, அவர் முதலில் எந்த வாசலில் நுழைந்தார் என்பது தீர்மானிக்கக் கூடாது. பெங்களூரு நிம்ஹான்ஸ், டெல்லி எய்ம்ஸ் போன்ற அரசு நிறுவனங்களிலும் காமா நைஃப் இருக்கிறது என்ற தகவலும் நோயாளிக்குச் சொல்லப்பட வேண்டும்.

கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை

• எம்.ஆர்.ஐ.யில் ரத்தக்குழாய் உரசுவது தெரிகிறதா?
• மாத்திரையைச் சரியான அளவில் கொடுத்துப் பார்த்தாயிற்றா?
• வலி குறைய எத்தனை நாள் ஆகலாம்? அதுவரை என்ன செய்வது?
• முகம் மரத்துப்போக எவ்வளவு வாய்ப்பு?
• திரும்ப வலி வந்தால் அடுத்த வழி என்ன?
• இங்கே செய்யாத வேறு எந்தச் சிகிச்சை எனக்குப் பொருந்தும்?

கடைசிக் கேள்விதான் ரொம்ப முக்கியம். அதற்கு நேர்மையாகப் பதில் சொல்லும் மருத்துவரை நம்பலாம்.

இந்த வலி வந்தவர் சோறு, தூக்கம், பேச்சு எல்லாவற்றையும் இழந்து நிற்பவர். யார் எதைச் சொன்னாலும் "சரி, பண்ணிடுங்க" என்று சொல்லும் நிலையில் இருப்பார். அதனால்தான் அவரிடம் முழு உண்மையையும் சொல்ல வேண்டிய கடமை கூடுகிறது. வீட்டில் யாராவது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு "ஷாக் அடிக்கிற மாதிரி இருக்கு" என்றால், எக்ஸ்-ரேயில் பல் நன்றாக இருந்தால், அடுத்த பல்லைப் பிடுங்கும் முன் ஒரு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.