தைப்பொங்கலும் 24 நாள் கணக்கும்



தைப்பொங்கல் வந்தால் மாணவர்களின் கட்டுரை ஏடுகளில் ஒரு வரி தவறாமல் இடம்பெறும்: “தை முதல் நாளன்று சூரியன் வடக்கு நோக்கித் திரும்புகிறது.” நானும் பல்லாண்டுகள் அதற்குச் சரி போட்டு வந்தேன்.

ஒருமுறை ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி, “ஐயா, திசம்பர் 21, 22லேயே சூரியன் திரும்பிவிடுகிறது என்று படித்தேனே?” என்றாள். “அது வேறு, இது வேறு” என்று மழுப்பி அமரவைத்துவிட்டேன். அவள் சொன்னதே சரி. அந்த மழுப்பல் இன்றும் என் நெஞ்சை உறுத்துகிறது.

உண்மை என்ன? சுழலும் பம்பரம் தலையாட்டுவதுபோல் பூமியின் அச்சும் மெல்ல வட்டமிடுகிறது. ஒரு சுற்று முடிய ஏறத்தாழ 25,800 ஆண்டுகள் ஆகும். இதனால், சூரியன் வடக்கே திரும்பும் புள்ளி விண்மீன்களுக்கு இடையே ஆண்டுதோறும் சுமார் 50.3 விகலை பின்னோக்கி நகர்கிறது. ஒரு பாகைக்கு 3,600 விகலை. வகுத்துப் பாருங்கள்: ஒரு பாகை நகர ஏறத்தாழ 72 ஆண்டுகள்.

கி.மு. 2ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்க வானியலாளர் இப்பார்க்கசு இதைக் கண்டறிந்தார். ஏறக்குறைய 150 ஆண்டுகளுக்கு முன்னர் திமோக்காரிசு அளந்துவைத்த விண்மீனின் இடத்தைத் தம் அளவோடு ஒப்பிட்டபோது 2 பாகை வேறுபட்டது. அந்த விண்மீன் வேறெதுவுமன்று. நம் சித்திரை நட்சத்திரமே!

நம் பஞ்சாங்கம் விண்மீன்களை வைத்து மாதங்களைக் கணிக்கிறது. பருவங்களோ நகரும் புள்ளியைப் பின்பற்றுகின்றன. இரண்டுக்கும் இடைவெளி இன்று ஏறத்தாழ 24 பாகை. சூரியன் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு பாகை நகர்வதால் 24 நாள். திசம்பர் 21இலிருந்து சனவரி 14! இன்னும் பெருக்கினால் 24 × 72 = 1,728. அதாவது, ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன்னர் இரண்டும் ஒன்றியிருந்தன. அன்று அந்தக் கட்டுரை வரி சரியாகவே இருந்திருக்கும்.

இதனால் பொங்கலின் பெருமை குறையுமா? குறையாது. உழவுக்கும் கதிரவனுக்கும் நன்றி சொல்லும் நாள் அது. ஆனால், மரபின் பெயரால் பிழையை மனப்பாடம் செய்ய வைப்பது மரபுக்கே இழுக்கு. வானை அளந்து நாள் குறித்தவர்கள் நம் முன்னோர். அளப்பதை நிறுத்திவிட்டு அவர்களின் விடையை மட்டும் ஒப்பிப்பது அவர்களுக்குச் செய்யும் மரியாதையாகாது.

பெருக்கலும் வகுத்தலும் தெரிந்த பிள்ளைக்கு இந்தக் கணக்கு எட்டாததன்று. அடுத்த முறை பிள்ளை கேட்டால், அமரச் சொல்லாமல் கரும்பலகைக்கு அழைப்போம்.