பத்து சென்டிமீட்டர் கையெழுத்து

எங்கள் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஆடி மாதம் நடந்து பாருங்கள். ஒவ்வொரு ஜவுளிக்கடை வாசலிலும் 'தள்ளுபடி' என்று எழுதி வைத்திருப்பார்கள். அந்த 'த' மட்டும் ஆள் உயரம் இருக்கும். அரசியல் பேனர் என்றால் தலைவர் காதில் நாம் குடித்தனமே நடத்தலாம். எழுத்து எவ்வளவு பெரிசாக இருக்க வேண்டும் என்று யாருக்கும் யாரும் சொல்வதில்லை.

ஒரே ஒரு ஆசாமிக்குத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஆர்க்கிடெக்ட்டுக்கு. 1989-ல் வந்த ஆர்க்கிடெக்ட்டுகளின் நடத்தை விதிகளின்படி, தான் வடிவமைத்த கட்டடத்தில் அவர் தன் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். எழுத்தின் உயரம் 10 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது! விளம்பரத்துக்கும் தடை. 'எங்களிடம் மூன்று படுக்கையறை பிளான் வாங்கினால் பூஜை ரூம் இலவசம்' என்றெல்லாம் அவர் நோட்டீஸ் அடிக்க முடியாது.

எனக்கு அதைவிடப் பிடித்த விதி வேறு. வேலை பிடிப்பதற்காக யாருக்கும் கமிஷன், பரிசு, தள்ளுபடி கொடுக்கவோ வாங்கவோ கூடாது. கட்டுகிற கான்ட்ராக்டருக்கும் பணம் போடுகிற ஓனருக்கும் நடுவில் பாரபட்சமில்லாமல் நடந்துகொள்ள வேண்டும். மீறினால் டெல்லியில் இருக்கும் ஆர்க்கிடெக்சர் கவுன்சில் விசாரித்து ரெஜிஸ்டரிலிருந்து பேரையே எடுக்கலாம். டைல்ஸ் கடைக்காரர், பெயின்ட் கடைக்காரர், மேஸ்திரி, எலெக்ட்ரீஷியன் எல்லோரும் ஒருவருக்கொருவர் 'ஏதோ பார்த்துப் போட்டுக் கொடுங்க' என்று வாழ்கிற உலகத்தில் ஒருத்தரை மட்டும் பிடித்து இப்படிச் சொன்னால், பாவமாக இருக்கிறதா இல்லையா?

ஆனால் வேடிக்கை வேறு இடத்தில். 1972-ல் ஆர்க்கிடெக்ட் சட்டம் போட்டார்கள். கவுன்சிலில் பதிவு செய்யாதவர் தன்னை 'ஆர்க்கிடெக்ட்' என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. சொன்னால் முதல் தடவைக்கு அந்தச் சட்டத்தில் எழுதிய அபராதம் அதிகபட்சம் ஐந்நூறு ரூபாய். இதில் இரண்டு பேருக்கு விலக்கு: தோட்டம் அமைக்கிற லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட், கப்பல் டிசைன் பண்ணுகிற நேவல் ஆர்க்கிடெக்ட். பக்கத்தில் ஹார்பர் இருக்கிற எங்களுக்கு அதில் ஒரு சின்ன சந்தோஷம்.

சரி, அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்ளாமல் வீட்டுக்கு பிளான் போடலாமா? தாராளமாக. 2020 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டே ஒரு வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. பதிவு செய்யாதவர் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்வதைத்தான் சட்டம் தடுக்கிறது, அந்த வேலையைச் செய்வதை அல்ல. டாக்டர் என்று போர்டு மாட்டாமல் ஊசி போட்டால் உள்ளே தள்ளுவார்கள். ஆர்க்கிடெக்ட் என்று போர்டு மாட்டாமல் மூன்று மாடிக்கு பிளான் போட்டால் இந்தச் சட்டம் வாய் திறக்காது. (முனிசிபல் விதிகள் திறக்கும். அங்கே பதிவு பெற்ற ஆர்க்கிடெக்ட்டோ எஞ்சினியரோ கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும். அந்தக் கையெழுத்தைப் பற்றித்தான் இந்த வாரம்.)

எங்கள் தெருவில் ஒரு அண்ணாச்சி. பன்னிரண்டு அடி அகலத்தில் ரயில்பெட்டி மாதிரி நீள வீடு. தாத்தா காலத்துச் சுண்ணாம்புச் சுவர், மேலே தேக்கு உத்தரம் போட்டு, செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கின மெட்ராஸ் டெரஸ். கீழே கடை. முதல் மாடியில் தையல் யூனிட். பகலில் பதினாலு மெஷின் ஓடும். ராத்திரி அதே ஹாலில் பத்துப் பன்னிரண்டு பையன்கள் பாயைப் போட்டுத் தூங்குவார்கள். அண்ணாச்சிக்கு அதற்கு மேல் ஒரு கான்க்ரீட் மாடி எழுப்ப ஆசை வந்துவிட்டது.

ஜோசியரைப் பார்த்தார். வாஸ்துக்காரரைப் பார்த்தார். மேஸ்திரியைப் பார்த்தார். மூன்று பேரும் "பேஷாகக் கட்டலாம்" என்றார்கள். "ஒரு கையெழுத்து வேணுமாம் தம்பி. உனக்கு ஆபீசில் நாலு பேரைத் தெரியுமே" என்று என்னிடம் வந்தார். ராயபுரத்தில் எனக்குத் தெரிந்த ஆர்க்கிடெக்ட் அம்மா ஒருவரிடம் கூட்டிப் போனேன்.

அந்தம்மா எடுத்த எடுப்பில் பேப்பரைத் தொடவில்லை. வீட்டைப் பார்க்க வேண்டும் என்றார். வந்தார். சுவரைத் தட்டினார். உத்தரத்தில் கரையான் அரித்த இடத்தைத் தன் பேனாவால் குத்தினார். பேனா பாதி உள்ளே போய்விட்டது. அண்ணாச்சி முகத்தில் வலி தெரிந்தது, பேனா அவர் மேலேயே இறங்கினது மாதிரி.

"அண்ணாச்சி, பன்னிரண்டுக்கு நாற்பது அடி. அஞ்சு இஞ்ச் கான்க்ரீட் தளம் மட்டும் எவ்வளவு வெயிட் தெரியுமா? பதினாலு டன். சுவர், தண்ணித் தொட்டி, தையல் மெஷின், ஆளு எல்லாம் தனி. லோடு லாரியைத் தூக்கி உங்க மொட்டை மாடியில் நிறுத்தற மாதிரி."

"அதான் பில்லர் போடறோமேம்மா!"

"பில்லர் எங்கேருந்து வருது? பூமிக்குள்ளேருந்து வரணும். பழைய அஸ்திவாரத்தை ஒரு இடத்தில் தோண்டிப் பார்த்து, ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் கணக்குப் போட்டு எழுதிக் கொடுத்தால்தான் நான் கையெழுத்துப் போடுவேன். அதுவரைக்கும் பையன்களைக் கீழே தூங்கச் சொல்லுங்க."

வந்ததற்கும் பார்த்ததற்கும் ஃபீஸ் வாங்கிக்கொண்டு போனார். அண்ணாச்சிக்கு அதுதான் தாங்கவில்லை. "கையெழுத்துப் போட்டதுக்கு காசு வாங்குனா நியாயம். போடாம இருக்கதுக்கும் காசா? இம்புட்டு வருசம் யாவாரத்துல இப்படிப் பார்த்ததே இல்ல தம்பி!"

எனக்கு அந்த ஃபீஸ் அதிகமாகத் தெரியவில்லை. காரணம், எங்கள் ஏரியாவிலிருந்து மெட்ரோவில் ஆறாவது ஸ்டேஷன் திருவொற்றியூர் தேரடி.

திருவொற்றியூரில் 1993-ல் கட்டின குடிசை மாற்று வாரியக் குடியிருப்பு ஒன்று இருந்தது. (2021-ல் வாரியத்தின் பெயரை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள்.) அதே 2021 டிசம்பர் 26 ராத்திரி ஒரு பிளாக்கில் விரிசல் பெரிசாகி, சத்தம் கேட்க ஆரம்பித்தது. மறுநாள் காலை ஜனங்கள் குழந்தைகளையும் கிழவிகளையும் இழுத்துக்கொண்டு வெளியே ஓடி வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் 24 வீடுகள் அப்படியே உட்கார்ந்துவிட்டன. டி.வி., பீரோ, பிள்ளைகளின் சர்டிபிகேட் எல்லாம் உள்ளே போயிற்று. உயிர்ச் சேதம் இல்லை. அரசாங்கம் குடும்பத்துக்கு ஒரு லட்சமும் மாற்று வீடும் அறிவித்தது. 28 வருஷம். எங்கள் தெருவில் அதைவிட வயதான மாவு மெஷின் இன்னும் ஓடுகிறது.

அந்த வருஷம் ஆகஸ்டில்தான் புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் புத்தம் புது அடுக்குமாடிக் குடியிருப்பில் ஜனங்கள் விரலால் சுரண்டினால் சுவர்ப் பூச்சு உதிர்கிறது என்று டி.வி.யில் சுரண்டிக் காட்டினார்கள். அதிகாரிகள் சஸ்பெண்ட் ஆனார்கள், ஐ.ஐ.டி. வந்து சோதித்தது.

இந்த இரண்டிலும் யாரும் சாகவில்லை. மௌலிவாக்கத்தில் அப்படி இல்லை. 2014 ஜூன் 28, சனிக்கிழமை சாயந்திரம், மழை. கட்டிக்கொண்டிருந்த பதினோரு மாடி, ஆட்கள் உள்ளே இருக்கும்போதே சரிந்தது. 61 பேர். ஆந்திராவிலிருந்தும் நம் ஊர்க் கிராமங்களிலிருந்தும் கொத்து வேலைக்கு வந்தவர்கள். ஒரு வாரம் இடிபாட்டுக்குள் தேடினார்கள். கைதானவர்களில் பில்டர் மட்டும் இல்லை, ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியரும் ஆர்க்கிடெக்ட்டும் உண்டு. நீதிபதி ரகுபதி கமிஷன் உட்கார்ந்தது. பக்கத்தில் நின்ற இரட்டைக் கட்டடத்தை யாரும் நம்பத் தயாரில்லை. 2016 நவம்பர் 2-ம் தேதி வெடி வைத்துச் சில விநாடிகளில் இறக்கினார்கள். ஊரே மொட்டை மாடியில் நின்று செல்போனில் படம் பிடித்தது.

தப்பாகப் பட்டம் போட்டால் ஐந்நூறு ரூபாய் என்று சிரித்தோமே, அலட்சியத்தால் உயிர் போனால் கணக்கு வேறு. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் அதிகபட்சம் இரண்டு வருஷம். 2024 ஜூலையிலிருந்து அமலான புதிய சட்டத்தில் ஐந்து வருஷம். 'இப்படி நடக்கும் என்று தெரிந்தே செய்தான்' என்று நிரூபித்தால் இன்னும் மேலே போகும். இதெல்லாம் கடுமை என்பவர்கள் பாபிலோனியாவுக்குப் போய்ப் பார்க்கலாம். சுமார் 3,700 வருஷத்துக்கு முன் ஹம்முராபி ராஜா கல்லில் வெட்டி வைத்தார்: வீடு இடிந்து ஓனர் செத்தால் கட்டினவனுக்கு மரணம். ஓனரின் பிள்ளை செத்தால் கட்டினவனின் பிள்ளைக்கு மரணம். அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தான் என்று கேட்க பாபிலோனியாவில் ஹைகோர்ட் இல்லை. ஆனால் கான்ட்ராக்டர் சிமென்ட்டில் கை வைக்குமுன் வீட்டில் தூங்குகிற பையனை ஒரு தடவை பார்த்திருப்பார்.

அண்ணாச்சி கதைக்கு வருகிறேன். அவர் விடுவாரா? அடுத்த வாரமே ஒரு கையெழுத்து கிடைத்துவிட்டது. வீட்டைப் பார்க்காமலே, அந்தம்மா ஃபீஸில் பாதிக்கு! சந்தோஷமாக பிளானைக் கொண்டுவந்து என் மேஜையில் விரித்தார். படத்தில் வீட்டுக்குப் பக்கவாட்டில் அழகாக ஒரு கார் நிற்கிறது.

"அண்ணாச்சி, இது எந்த இடம்?"

"கார் பார்க்கிங்குன்னு எழுதியிருக்கு பாரு."

"அது எங்க வீட்டுச் சமையலறை."

வேளச்சேரியிலோ மடிப்பாக்கத்திலோ யாருக்கோ போட்ட பிளானில் பெயரை மாற்றிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார் அந்தப் புண்ணியவான். விதிப்படி அந்தக் கையெழுத்துக்கு அர்த்தம், 'இந்தக் கட்டடத்தை நான் மேற்பார்வை பார்ப்பேன், நடுவில் விலகினால் ஆபீசுக்குத் தகவல் சொல்வேன்' என்பது. கட்டடம் எந்தத் தெருவில் என்றே தெரியாதவர் எதை மேற்பார்ப்பார்? அண்ணாச்சி முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது. மேலே அண்ணாந்து பார்த்தார். மெஷின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிளானைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனவர், ஒரு வாரம் கழித்து ராயபுரம் அம்மா போன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பையன்கள் இப்போது கடை குடோனில் தூங்குகிறார்கள். கொசுக் கடிக்கிறது என்று என்னைத் திட்டுகிறார்கள்.

சொந்த மனை இல்லாத நம்மைப் போன்ற மாதச் சம்பளக்காரர்களுக்கு இதில் என்ன என்று கேட்பீர்கள். பிளாட் வாங்குவீர்கள் இல்லையா? 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் சட்டத்தில் பில்டர் உங்களிடம் வாங்குகிற பணத்தில் 70 சதவிகிதத்தைத் தனி பாங்க் கணக்கில் போட வேண்டும். இஷ்டத்துக்கு எடுக்க முடியாது. வேலை இவ்வளவு முடிந்திருக்கிறது என்று எஞ்சினியர், ஆர்க்கிடெக்ட், ஆடிட்டர் மூன்று பேரும் சர்டிபிகேட் கொடுத்தால்தான் அந்த அளவுக்குப் பணம் வெளியே வரும். உங்கள் வீட்டுக் கடன் பணத்துக்குப் பூட்டு போட்டு, மூன்று பேர் கையில் சாவி கொடுத்திருக்கிறார்கள். அதனால் புரோஷரில் நீச்சல் குளத்தைப் பார்த்து முடித்ததும் ஆர்க்கிடெக்ட் யார், பதிவு எண் என்ன என்று கேளுங்கள். எண் 'சி.ஏ.' என்று ஆரம்பிக்கும். ஆடிட்டரோ என்று பயப்பட வேண்டாம். அது ஆர்க்கிடெக்சர் கவுன்சிலின் குறி. கவுன்சில் வெப்சைட்டில் தட்டிப் பார்த்தால் ஆள் இருக்கிறாரா இல்லையா தெரிந்துவிடும். சேல்ஸ் பையன் உங்களை ஒரு மாதிரி பார்ப்பான். பார்க்கட்டும்.

இன்னொன்று. வீட்டை உங்களிடம் ஒப்படைத்த தேதியிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் கட்டடத்தில் கோளாறு தெரிந்து எழுதிக் கொடுத்தால், 30 நாளுக்குள் பில்டர் தன் செலவில் சரி செய்ய வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. எங்கள் ஆபீஸ் நண்பன் ஒருத்தன் பிளாட்டில் பெட்ரூம் உத்தரம் மூன்றாம் வருஷமே கீறல் விட்டது. பில்டரின் ஆள் வந்து பார்த்துவிட்டு, "அது வெறும் பெயின்ட் கிராக் ஸார், காலண்டர் மாட்டிடுங்க" என்றான். இவனும் மூன்று மாதம் காலண்டர் மாட்டி வைத்திருந்தான். கீறல் காலண்டரைத் தாண்டி வந்ததும், நாங்கள் நாலு பேர் லஞ்ச் டயத்தில் உட்கார்ந்து சட்டப் பிரிவு நம்பரெல்லாம் போட்டு ரிஜிஸ்தர் தபால் எழுதினோம். காப்பியை ஆர்க்கிடெக்ட்டுக்கும் அனுப்பினோம். இருபத்தெட்டாவது நாள் காலை ஏழு மணிக்கு ஒரு எஞ்சினியரும் இரண்டு ஆட்களும் முட்டுக் கட்டையோடு வந்து நின்றார்களாம். அவன் அன்றைக்கு ஆபீசுக்குப் பதினோரு மணிக்கு வந்தான். மேனேஜர் அரை நாள் லீவு போட்டுவிட்டார்.