இல்லத் துணை: நிற்க மறுக்கும் உலர்த்தி



கனடா நாட்டில் வாழும் தம் மகளின் இல்லத்திற்குப் பேரக் குழந்தையைப் பேணும் பொருட்டுச் சென்றிருக்கும் அன்னை ஒருவர் நமக்கு மடல் வரைந்துள்ளார். மகளும் மருமகனும் பணிக்குச் சென்றபின் வீட்டில் குழந்தையும் அவரும் மட்டுமே. ஒரு நாள் துவைத்த துணிகளை உலர்த்தும் இயந்திரத்தில் இட்டிருக்கிறார். ஒரு மணி நேரத்தில் நிற்க வேண்டிய அது, மூன்று மணி நேரம் கழிந்தும் சுழன்றுகொண்டே இருந்ததாம். கதவைத் திறந்தால் நிற்கிறது. துணியோ ஈரமாகவே இருக்கிறது. தம் கைபட்டுத்தான் பழுதாயிற்றோ என அஞ்சி அவர் மகளிடம் எதையும் கூறவில்லை. துணி உலர்ந்தால் போதுமென்று, ஓரிரவு அதை ஓடவிட்டே உறங்கியும்விட்டார். இனி என்ன செய்வது என்று நம்மைக் கேட்கிறார்.

அம்மா, முதற்கண் ஒன்று சொல்வோம். பழுது தங்களால் நேர்ந்ததாகத் தெரியவில்லை. ஆயினும் அதை மறைத்து வைத்திருப்பது ஆபத்து. இன்று மாலையே மகளிடம் சொல்லிவிடுங்கள். அதுவரை அந்த இயந்திரத்தை இயக்கவே வேண்டாம்.

நம் ஊரில் கொடிக்கயிறும் வெயிலும் போதும். பனி பொழியும் நாட்டில் உலர்த்தி இன்றியமையாதது. நம் குடும்பத்தார் பலர் அத்தகைய நாடுகளில் வாழ்வதால், அது இயங்கும் விதத்தைச் சற்று விரித்தே கூறுவோம்.

உலர்த்தியில் துணிகளைப் புரட்டும் உருளை ஒன்று, காற்றைச் சூடேற்றும் கம்பிச்சுருள் ஒன்று, ஈரக்காற்றை வீட்டிற்கு வெளியே தள்ளும் விசிறி ஒன்று உள்ளன. திருகு குமிழ் உள்ள இயந்திரங்களில், தானாக உலர்த்தும் முறையை வைத்தால், குமிழ் கடிகாரம்போல் இடைவிடாது நகர்வதில்லை. காற்று போதிய சூட்டை அடைந்து தெர்மோஸ்டாட் சூட்டை நிறுத்தும்போது மட்டுமே அது நகரும். துணி ஈரமாயிருக்கையில் சூடு மெல்ல ஏறுவதால் குமிழ் மெல்ல நகரும். துணி உலர உலர விரைந்து நகர்ந்து நிறுத்தத்தை எட்டும்.

ஆகவே, சூடே பிறக்காவிடில் குமிழ் நகராது; உருளை முடிவின்றிச் சுழலும். நிற்க மறுக்கும் இயந்திரம், உண்மையில் வராத ஒரு சைகைக்காகக் காத்திருக்கிறது! அன்னையின் துணிகள் ஈரமாகவே இருந்தன என்பதால், இங்கும் பழுது சூட்டில்தான் இருக்கக்கூடும் என்று கருதுகிறோம்.

இதை அறிய எளிய வழி உண்டு. மகளோ மருமகனோ உடனிருக்கும் வேளையில், குமிழை நேரக் கணக்கில் உலர்த்தும் முறைக்குத் திருப்பி, இருபது நிமிடம் வைத்துப் பாருங்கள். குமிழ் ஒழுங்காக நகர்ந்து இயந்திரம் நின்றால், டைமர் நன்றாக உள்ளது. குறை சூட்டைச் சார்ந்தது. அங்கும் நகராவிடில் டைமரையே மாற்ற நேரிடும்.

சூடு இல்லையெனில் முதலில் பார்க்க வேண்டியது மின்பெட்டி. அந்நாட்டு மின் உலர்த்தியின் மோட்டார் 120 வோல்ட்டில் ஓடும். சூடேற்றும் சுருளுக்கு 240 வோல்ட் வேண்டும். இரு மின்வழிகளில் ஒன்று அறுந்தால், உருளை சுழலக்கூடும், ஆனால் சூடு வராது. பிரேக்கரை முழுதும் அணைத்து மீண்டும் போட்டால் சில வேளைகளில் இதுவே சரியாகிவிடும். மீண்டும் விழுந்தால் மின்பணியாளரை அழையுங்கள். மின்வழி சரியாக இருந்தும் சூடு வராவிடில், சுருளோ சூட்டுக் காப்பு உறுப்போ கெட்டிருக்கலாம். அது பழுது பார்ப்பவரின் வேலை.

சூடு இருந்தும் துணி உலரவில்லை எனில், காற்றுப் போக்கில் அடைப்பு இருக்கும். பஞ்சுப் பிசிறு வடிகட்டியையும், சுவருக்குப் பின்னுள்ள குழாயையும், வெளிச்சுவரிலுள்ள மூடியையும் பாருங்கள். பனிக்காலத்தில் அந்த மூடியைப் பனி அடைத்துவிடுவதும் உண்டு.

புதிய இயந்திரங்களில் உருளையருகே இரு உலோகப் பட்டைகள் இருக்கும். ஈரத்துணி அவற்றைத் தொடுகையில் சிறு மின்னோட்டம் பாயும்; அது நின்றால் துணி உலர்ந்ததென இயந்திரம் கொள்ளும். பட்டைகளின் கம்பிகள் ஒன்றையொன்று தொட்டுவிட்டால், உலர்ந்த துணியும் ஈரமென்றே தோன்றும். துணியை மென்மையாக்கும் தாள்களின் மெழுகுப் படலம் பட்டைகளில் படிந்தாலோ, பெரும்பாலும் முன்னதாகவே நின்றுவிடும். இன்னொன்று: உலர்ந்த பின்னும் துணி கசங்காதிருக்க இடையிடையே உருளையைச் சுழற்றும் வசதி சிலவற்றில் உண்டு. அது பழுதன்று, அதற்குரிய பொத்தானை அணைத்தால் போதும்.

கதவைத் திறந்த பின்னும் உருளை சுழன்றாலோ, குமிழை அணைத்த பின்னும் ஓடினாலோ, பொத்தானைத் தொடாமலே கதவை மூடியதும் தானே தொடங்கினாலோ, சுவிட்சோ ரிலேயோ உருகி ஒட்டியிருக்கக் கூடும். அப்போது ஆராய்ச்சி வேண்டாம். பிரேக்கரை அணைத்துவிட்டுப் பணியாளரை அழையுங்கள்.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. அமெரிக்க ஐக்கிய நாட்டின் தீயணைப்பு நிருவாகம் 2008 முதல் 2010 வரையுள்ள ஆண்டுகளை ஆய்ந்து, வீடுகளில் உலர்த்தியால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 2,900 தீ விபத்துகள் நிகழ்ந்ததாக அறிவித்தது. அவற்றுள் 34 விழுக்காட்டிற்கு, இயந்திரத்தைத் தூய்மை செய்யாமையே காரணம். ஒவ்வொரு முறையும் வடிகட்டியைத் துடையுங்கள். ஆண்டுக்கொருமுறை குழாயைத் தூய்மை செய்யுங்கள். பிளாஸ்டிக் குழாய் இருப்பின் உலோகக் குழாயாக மாற்றுங்கள். சமையல் எண்ணெய் படிந்த துணிகளைத் துவைத்த பின்னும் அதில் இடாதீர்கள். எஞ்சிய எண்ணெய் சூட்டில் தானே பற்றிக்கொள்ளக்கூடும். உறங்கும்போதும் வெளியே செல்லும்போதும் உலர்த்தியை ஓடவிடலாகாது.

முடிவாக, மகளுக்கும் மருமகனுக்கும் ஒரு சொல். வீட்டில் ஒரு பொருள் பழுதானதைச் சொல்லவும் உங்கள் தாய் அஞ்சினார் என்பதை எண்ணிப் பாருங்கள். கடல் கடந்து வந்தவர், உங்களுக்குச் செலவு வைத்துவிட்டோமோ என்று இரவெல்லாம் கலங்கியிருக்கிறார். இயந்திரங்களைக் கையாளும் முறையை அவருக்குப் பொறுமையுடன் கற்றுக்கொடுங்கள். பிரேக்கர் இருக்கும் இடத்தையும் காட்டிவையுங்கள்.

உண்ணவும் நேரமின்றி உழைத்த தம் சீடரைத் தனியிடம் சென்று சற்று இளைப்பாறுமாறு ஆண்டவர் இயேசு பணித்ததை மாற்கு நற்செய்தியின் 6ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். போதும் என்று பிறர் சொல்லும்வரை நம் அன்னையரும் நிற்பதில்லை. வரும் ஞாயிறன்று திருப்பலி முடிந்து வீடு திரும்பியதும், துணிக்கூடையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, அவரை அமரச் சொல்லுங்கள்.

இறையருள் உங்கள் இல்லங்களில் தங்குவதாக!