முற்றம் முழுவதும் கல் வேண்டுமா?

நம் திருவனந்தபுரத்தில் புதுவீடு கட்டுபவர்கள் பலர் கடைசியாகச் செய்யும் வேலை ஒன்று உண்டு. மதில் தொடங்கி மதில் வரை முற்றத்தை ‘இன்டர்லாக்’ கல்லால் மூடிவிடுவது. சேறில்லை, களையில்லை, பார்வைக்கும் அழகு என்கிறார்கள். வாசலிலிருந்து வீட்டுக்கு ஒரு பாதை வேண்டும்தான். பாதை போதும், முற்றம் முழுவதும் வேண்டாம் என்பது என் கட்சி.

நம் நகரம் குன்றும் சரிவுமானது. இடவப்பாதி, துலாவர்ஷம் என்று ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம். மேட்டு வீட்டு முற்றத்தை மூடினால் தண்ணீர் கீழ்வீட்டு மதிலைத்தான் போய் முட்டும். பிறகு தெரு, பிறகு ஆமையிழஞ்சான் தோடு. 2023 அக்டோபரில் நகருக்குள் வெள்ளம் புகுந்தபோது எல்லோரும் தோட்டைத்தான் குறை சொன்னார்கள். முற்றங்களை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. அதே முற்றத்துக் கிணறு மாசி, பங்குனியில் வற்றினால் லாரித் தண்ணீர்! புதுக் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பைக் கேரள அரசு 2004இலேயே கட்டாயமாக்கியது. கூரை நீருக்குத் தொட்டி காட்டிவிட்டுத் தரை நீரைத் தெருவுக்குத் தள்ளுவது என்ன கணக்கோ!

நடைபாதைக்கு மூன்றடி அகலம் தாராளம். மண்ணைத் தோண்டி நாலங்குலம் ஜல்லியிட்டு நன்றாக இடித்து, அதன்மேல் ஓரங்குலம் மணல் பரப்பி, 60 மில்லிமீட்டர் கல்லைப் பதிக்க வேண்டும். அடியில் சிமெண்டுக் கலவை கூடாது. கற்கள் நகராதிருக்க ஓரங்களில் மட்டும் அது போதும். இடுக்கில் இறங்கும் நீர் கொஞ்சம்தான். பாதையின் இருபுறமும் திறந்து கிடக்கும் மண்தான் கிணற்றுக்கு ஊட்டம்.

படிகளில்தான் கவனம் வேண்டும். கீழிருந்து மேலே கட்டிப் போக வேண்டும். உயரம் ஆறங்குலத்தைத் தாண்டாமல், கால் வைக்கும் இடம் ஓரடிக்குக் குறையாமல், எல்லாம் ஒரே அளவாக இருக்கட்டும். ஒரு படி மட்டும் சற்று உயர்ந்தாலும் வயதானவர்களின் கால் அங்கேதான் தடுக்கும். படி முன்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்க வேண்டும். நீர் தேங்கினால் நம் ஊரில் பாசி பிடிக்க எத்தனை நாளாகும்? பளபளக்கும் டைல் வேண்டவே வேண்டாம். படி முகப்புக்கு வெட்டுகல் நன்று. (இங்கே ‘செங்கல்’ என்று கேட்டால் இறங்குவதும் அந்த வெட்டுகல்தான். நம்மூர்ச் செங்கல் வேண்டுமானால் ‘இஷ்டிகை’ என்று கேட்க வேண்டும்!)

2007இல் மறைந்த லாரி பேக்கர் நாலாஞ்சிறையில் தம் வீட்டைக் குன்றின் போக்கிலேயே கட்டினார். சரிவை வெட்டித் தட்டையாக்கவில்லை. அவர் வடிவமைத்த வளர்ச்சி ஆய்வு மையமும் மரங்களுக்கு வழிவிட்டு மேட்டோடு இணங்கி நிற்கிறது. பார்க்காத அன்பர்கள் ஒருமுறை பார்த்து வரலாம்.

கல் பதிப்பவர் சதுர அடிக்குக் கூலி பேசுபவர். முழுவதும் போடுங்கள் என்றுதான் சொல்வார். ‘கார் நிறுத்த வேண்டாமா?’ என்றும் கேட்பார். சக்கரம் ஓட இரண்டு அடி அகலத்தில் இரண்டு வரிசை, 80 மில்லிமீட்டர் கல்லில் போட்டுத் தரச் சொல்லுங்கள். நடுவே புல் வளரட்டும்.