பிரேக் இல்லாத பந்தயம்

பிரேக் இல்லாத மோட்டார் சைக்கிளில் ஏறிப் பறக்க யாராவது துணிவார்களா?

துணிகிறார்கள். அதையே பிழைப்பாகவும் கொண்டிருக்கிறார்கள். அந்தப் பந்தயத்துக்கு "ஸ்பீடுவே" என்று பெயர்.

2025-ம் ஆண்டு செப்டம்பர் மாதம், டென்மார்க் நாட்டு வோயன்ஸ் நகரில் உலகப் பட்டத்துக்கான கடைசிப் பந்தயம் நடந்தது. போலந்து வீரர் பார்ட்டோஸ் ஸ்மார்ஸ்லிக், ஆஸ்திரேலிய வீரர் பிராடி குர்ட்சை ஒரே ஒரு புள்ளியில் முந்திப் பட்டத்தைப் பெற்றார். அது அவருக்கு 6-வது பட்டம். அவருக்கு முன் 6 பட்டம் பெற்றவர்கள் இருவரே: நியூசிலாந்தின் ஐவன் மேஜர், சுவீடனின் டோனி ரிக்கார்ட்சன்.

நாலு பேர், நாலு சுற்று

மண் பரப்பிய நீள்வட்டப் பாதை. நாலு பேர் ஒரே கோட்டில் நிற்பார்கள். தடுப்பு நாடா மேலே எழும்பியதும் பாய்வார்கள். நாலு சுற்று. ஒரு நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

வண்டிக்கு 500 சி.சி. எஞ்சின், ஒரே கியர். ஊற்றுவது பெட்ரோல் அல்ல, மெதனால். வளைவில் பின் சக்கரத்தைச் சறுக்க விட்டு, இடது காலை மண்ணில் ஊன்றித் திருப்பவேண்டும். முதலில் வந்தவருக்கு 3 புள்ளி, அடுத்தவருக்கு 2, மூன்றாமவருக்கு 1, கடைசி ஆளுக்கு ஒன்றும் இல்லை.

போலந்தில் வீரரின் வருமானமும் இப்படித்தான். ஒப்பந்தப் பணம் போக, எடுத்த புள்ளிக்கு இவ்வளவு என்று கூலி!

ஊர் வளர்த்த பிள்ளை

ஸ்மார்ஸ்லிக் 1995-ல் பிறந்தவர். கோர்சூவ் என்ற ஊரின் சங்கத்தில் பயின்றவர். 2014-ல், 19 வயதில், அதே ஊர் மைதானத்தில் நடந்த உலகச் சுற்றுப் பந்தயத்தில் முதலிடம் பெற்றார். 2019-ல் முதல் உலகப் பட்டம்.

கோர்சூவ் பெரிய பட்டணம் அல்ல. ஜனத்தொகை லட்சத்துக்குச் சற்று அதிகம். சுமார் 60 ஆயிரம் பேர் வாழும் லெஷ்னோ என்ற ஊருக்கும் பெயர் பெற்ற சங்கம் உண்டு. ஊருக்கு ஒரு மண் பாதை, ஒரு சங்கம். டிக்கெட் வாங்கிப் பார்க்கும் ஜனங்கள். இவைதான் அங்கே வீரனை உண்டாக்குகின்றன.

நம் நிலைமை என்ன?

நமக்கும் பழைய சரித்திரம் இருக்கிறது. சென்னை மோட்டார் பந்தய சங்கம் 1953-ல் தோன்றியது. சோழவரம் விமான ஓடுபாதையில் பந்தயங்கள் நடந்தன. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பாதை வந்தது. சென்னை வாலிபர் சரத்குமார் 2011-ல் 125 சி.சி. உலகப் பந்தயத்தில் ஓட்டினார். அந்தப் போட்டியில் இறங்கிய முதல் இந்தியர் அவரே.

ஓசூரிலும் ஒரகடத்திலும் மோட்டார் சைக்கிள்கள் குவிகின்றன. வண்டி செய்வதில் நாம் பின்தங்கவில்லை. ஆனால் வீரனுக்கோ, பெரும்பாலும் வண்டிக் கம்பெனியின் குழுவே கதி. அங்கே இடம் கிடைத்தால் வாழ்வு; இல்லாவிட்டால் கைப்பணம் கரையும்.

மணலூர்பேட்டை வாலிபனை எண்ணிப் பாருங்கள். இருங்காட்டுக்கோட்டை 150 கிலோ மீட்டருக்கு அப்பால். அவன் கண் எதிரே இருப்பது திருவண்ணாமலைக்குப் போகும் சாலை. கரும்பு டிராக்டரும் பஸ்சும் பள்ளிப் பிள்ளைகளும் போகிற சாலை! அங்கே பந்தயம் ஓட்டினால் குற்றம். 18 வயது நிரம்பாதவன் ஓட்டினால், 2019-ல் திருத்திய சட்டப்படி பெற்றோருக்கு 25 ஆயிரம் ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் கிடைக்கலாம்.

ஆபத்து இல்லையா?

பந்தயப் பாதையிலும் ஆபத்து உண்டு. அதை மறைக்கக்கூடாது. இளைஞர்களுக்கான உலகப் பட்டத்தை இருமுறை வென்ற ஆஸ்திரேலியர் டார்சி வார்ட், 2015-ல் போலந்தில் விழுந்து முதுகெலும்பு முறிந்தார். 23 வயதில் சக்கர நாற்காலி! 2023 ஆகஸ்டில் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத்தில் பெங்களூரைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் விழுந்து உயிரிழந்தான்.

ஆகவே பாதை மட்டும் போதாது. வயதுக்கு ஏற்ற வண்டி வேண்டும். காற்றடைத்த தடுப்புச் சுவர், டாக்டர், ஆம்புலன்ஸ், இன்சூரன்சு எல்லாம் வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் பந்தயம் நடத்த அனுமதி கொடுக்கக்கூடாது.

செய்ய முடியுமா?

முடியும். ஸ்பீடுவே பாதையின் சுற்றளவு 425 மீட்டருக்குள் அடங்கும். மாவட்டத்துக்கு ஒன்று அமைக்க மலையைப் பெயர்க்க வேண்டியதில்லை. நிலத்தை அரசாங்கம் கொடுக்கலாம். இங்கே வண்டி விற்று லாபம் காணும் கம்பெனிகள் செலவில் பங்கு ஏற்கலாம். நடத்துவதை ஊர்ச் சங்கம் பார்த்துக்கொள்ளலாம். தை 5-ந் தேதி மணலூர்பேட்டையில் தென்பெண்ணை ஆற்றுத் திருவிழா. ஆயிரக்கணக்கில் கூடும் ஜனங்களைச் சமாளிக்கும் ஊருக்கு ஒரு சங்கம் நடத்தத் தெரியாதா?

வேக ஆசையை அபராதத்தால் மட்டும் அடக்கிவிட முடியாது. அதற்கு ஓர் இடம் காட்டவேண்டும். இல்லையேல் அது சாலையைத்தான் தேடிப் போகும்.