கார் வாங்கும் கணக்கு

செஞ்சிக் கோட்டையை முகலாயப் படை கைப்பற்ற 1690 முதல் 1698 வரை எட்டாண்டுகள் ஆயின. உள்ளிருந்தோரைக் காத்தவை மதில்கள் மட்டும் அல்ல. மலையடியில் இன்றும் நிற்கும் நெற்களஞ்சியங்களைக் காண்போர், கோட்டையைக் கட்டுவதற்கு ஒரு செலவும் அதனை வைத்து ஆள்வதற்கு வேறொரு செலவும் உண்டு என்பதனை உணர்வர். காருக்கும் இது பொருந்தும்.

கார் வாங்கக் கருதுவோர் முதலில் வினவுவது விலையையே. ஒரே வகைக் கார் பெட்ரோலால் ஓடுவதாயின் விலை குறைவு. மின்சாரத்தால் ஓடுவதாயின் சில இலட்சம் மிகுதி. மின்காருக்குச் சரக்கு சேவை வரி 2019 ஆகஸ்டு முதல் 5 விழுக்காடே. எனினும் மின்கலத்தின் விலையால் வேற்றுமை நீங்கவில்லை. 2025 செப்டம்பரில் சிறிய பெட்ரோல் கார்களின் வரியும் 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது.

அவ்வேற்றுமை மூன்று இலட்சம் ரூபாய் எனக் கொள்க. செஞ்சியிலிருந்து திருவண்ணாமலை ஏறத்தாழ 40 கிலோமீட்டர். ஆண்டில் 300 நாள் அங்கே சென்று மீளும் வணிகர் 24,000 கிலோமீட்டர் ஓட்டுவார். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் ஓடும் காரில், லிட்டர் 100 ரூபாய் எனின், பெட்ரோலுக்கு 1,33,000 ரூபாய் ஆகும். யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் ஓடும் மின்காரில், யூனிட் 8 ரூபாய் எனின், 27,000 ரூபாய்க்குச் சற்று மேல். எஞ்சின் எண்ணெய் மாற்றும் செலவும் அதற்கு இல்லை. மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் மிகைவிலை மீண்டுவிடும்.

அண்டை வீட்டார் காரோ திருமணத்திற்கும் மேல்மலையனூர் அமாவாசைக்குமே புறப்படும். ஆண்டுக்கு 4,000 கிலோமீட்டர். அவருக்கு மிஞ்சுவது 17,600 ரூபாய் அளவே. மூன்று இலட்சம் மீளப் பதினேழு ஆண்டுகள் வேண்டும். மின்கலத்திற்கு உற்பத்தியாளர் பலர் தரும் உத்தரவாதமோ 8 ஆண்டு, அல்லது 1,60,000 கிலோமீட்டர். செஞ்சியை முற்றுகையிட்ட காலமும் அவ்வளவே! அவருக்குப் பெட்ரோல் காரே சிக்கனம். விளம்பரங்கள் இவ்விருவருக்கும் ஒரே விடையைக் கூறுகின்றன. அதுவே அவற்றின் குற்றம்.

வணிகர் கணக்கிலும் ஓர் ஐயம் உண்டு. சொந்த வீட்டில் மின்னேற்றும் வசதி உடையவருக்கே அது செல்லும். வாடகை வீட்டில் குடியிருப்போர் பொது மின்னேற்று நிலையத்தை நாடுவர். அங்கே கட்டணம் மிகுதி. அஃது இருமடங்காயின், மூன்றாண்டில் மீளவேண்டிய தொகை மீள நான்காண்டு ஆகும்.